மணல் நடப்பதை மேலிருந்து பார்க்கலாம்

வானிலைத் துறையில் செயற்கைக்கோள் படப் பிரிவில் 35 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்த இரவு படத்திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வாசகர்களிடமிருந்து கட்டுக் கட்டாகக் கடிதங்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, முடிந்தவரை இங்கே பதில் சொல்கிறேன்.

கஜா வந்தது நள்ளிரவில். கும்மிருட்டு. அந்த நேரத்தில் செயற்கைக்கோள் எப்படிப் படம் எடுத்தது? ஃபிளாஷ் மாதிரி ஏதாவது உண்டா?
— தென்னை விவசாயி, மன்னார்குடி

ஃபிளாஷ் கிடையாது. இன்சாட் வகைச் செயற்கைக்கோள்கள் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். பூமி ஒரு முறை சுழலும் நேரத்தில் அவையும் ஒரு சுற்று வந்துவிடுவதால், நம் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அங்கிருந்து அவை இரவில் பார்ப்பது வெளிச்சத்தை இல்லை, சூட்டை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொடாமலே, கையைப் பக்கத்தில் கொண்டு போனால் சூடு தெரிகிறதில்லையா, அதே சங்கதிதான். கடல், வயல், மேகம், உங்கள் வீட்டு ஓடு என எல்லாமே பகலிலும் இரவிலும் அகச்சிவப்புக் கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கின்றன. சூடான பொருள் அதிகம் விடும், குளிர்ந்த பொருள் குறைவாக விடும்.

புயல் மேகத்தின் தலை 15 கிலோமீட்டருக்கும் மேலே போய்விடும். அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரி வரைகூட இறங்கும். கீழே வங்கக் கடல் 28, 29 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படம். குளிர்ந்ததை வெள்ளையாகவும் சூடானதைக் கறுப்பாகவும் காட்ட வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம். டிவியில் சிவப்பும் மஞ்சளுமாகச் சுழல்வது அதன் மேல் பூசிய வண்ணம். அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு "அங்கே ரொம்பச் சூடா?" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சிவப்பு இருக்கும் இடம்தான் பெரும்பாலும் அதிகக் குளிர்ச்சி, மேகம் மிக உயரமாக எழும்பிய இடம்.

இதில் ஒரு குறையும் உண்டு. தாழ்வான மேகமும் மூடுபனியும் தரையின் சூட்டிலேயே இருப்பதால், இரவுப் படத்தில் தரையோடு தரையாகக் கலந்துவிடும். மேகமே இல்லை என்று படம் சொல்லும், கீழே நிற்பவருக்கு எதிரே வரும் வண்டி தெரியாது. வேலையில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான். ஒரு படத்தை நம்பாதே, முந்தைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வை, நகர்ந்திருக்கிறதா பார். நான் சேர்ந்தது 1983-இல், இன்சாட்-1பி மேலே போன வருஷம். அப்போது கண்ணாடி மாதிரியான தாளைப் படத்தின் மேல் வைத்து, மேகத்தின் விளிம்பை மெழுகுப் பென்சிலால் வரைவோம். அடுத்த படம் வந்ததும் அதே தாளை அதன் மேல் வைப்போம். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் புயலின் நடை.

கஜா இரவில் இன்சாட்-3டி, 3டிஆர் இரண்டும் மாறி மாறிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 4 கிலோமீட்டர். வேதாரண்யம் ஊர் முழுவதும் ஒன்றிரண்டு புள்ளிக்குள் முடிந்துவிடும். என் தங்கச்சி இருந்த வீடு அந்தப் புள்ளிக்குள் எங்கேயோ. மணி ஒன்றைத் தாண்டியிருக்கும், எப்படியோ அவளுக்கு லைன் கிடைத்துவிட்டது. "அக்கா, காத்து நின்னு போச்சு. சத்தமே இல்ல. வெளிய போய் மாட்டப் பாத்துட்டு வரட்டுமா?" என்றாள். என் திரையில் அப்போது இருந்தது முந்தைய படம், அடுத்தது இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் புயலின் கண், அதாவது நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் இடம், எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள். "கதவைத் திறக்காதே, அடுத்த காத்து எதிர்த் திசையிலிருந்து வரும்" என்று கத்தினேன். லைன் போய்விட்டது. விடிந்து பத்து மணிக்குத்தான் அவள் குரலைத் திரும்பக் கேட்டேன்.

விண்வெளி நிலையத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் தெரியுமா? எவ்வளவு நேரம் தெரியும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி

தெரியும் கண்ணு. ஆனால் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை உள்ள தூரத்தை ஒன்றரை நிமிஷத்தில் கடந்துவிடும். 2010-இல் அதில் ஏழு ஜன்னல்கள் கொண்ட ஒரு கூண்டைப் பொருத்தினார்கள். அங்கே மிதந்தபடி பூமியைப் பார்ப்பதுதான் வீரர்களுக்கு ஓய்வு நேரத்தில் மிகவும் பிடித்த வேலை.

உங்கள் ஊர் உப்பளங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும், துறைமுகத்தின் கைகள் இரண்டும் தெரியும். வீடு தெரியாது. சூரியன் சரியான கோணத்தில் இருந்தால் இன்னொன்றும் தெரியும். வெயில் கடலில் பட்டுத் திரும்பும் அந்தப் பளபளப்புக்குள், சாதாரணமாகக் கண்ணுக்குப் படாதவை எல்லாம் வெளியே வந்துவிடும். கப்பல் போன தடம், எண்ணெய்ப் படலம், இரண்டு நீரோட்டங்கள் உரசும் கோடு எல்லாம் அதில் இருக்கும். 1975-இல் அப்பல்லோ–சோயுஸ் பயணத்தில் அந்தமான் கடலுக்கு மேலே எடுத்த படங்களில், நீண்ட நீண்ட வரிகள் கடல் மேல் வரிசையாக ஓடுவது பதிவாகியிருந்தது. அவை மேற்பரப்பு அலைகள் இல்லை. கீழே குளிர்ந்த நீரும் மேலே சூடான நீரும் சேரும் எல்லையில், ஆழத்துக்குள் ஓடும் அலைகளின் சாயல். படகில் இருப்பவர் அதன் மேலேயே போவார், ஆனால் அதன் முழு நீளம் அவர் கண்ணுக்கு எட்டாது.

இன்னொரு படமும் உனக்குக் காட்ட ஆசை. 1966 செப்டம்பரில் ஜெமினி-11 விண்கலத்திலிருந்து கான்ராட், கார்டன் என்ற இரண்டு பேர் எடுத்தது. தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே படத்தில் இருக்கும். எங்கள் அலுவலகச் சுவரில் பல வருஷம் மாட்டியிருந்தது. நிலத்தின் மேல் பஞ்சைக் கிள்ளிப் போட்டது போல மேகங்கள். கரையை ஒட்டிய கடல் மேல் மட்டும் மேகமே இல்லாத ஒரு பட்டை, கரை வளைந்தால் அதுவும் வளைந்து போகும். அது கடற்காற்று வரைந்த கோடு. நிலம் சூடாகி அதன் மேல் காற்று எழும்புகிறது, மேகம் கட்டுகிறது. கடல் மேல் காற்று கீழே இறங்குகிறது, அங்கே மேகம் கட்டாது. மத்தியானத்தில் உன் ஊர்ப் பள்ளி ஜன்னல் வழியாக வருகிற அதே காற்று, அந்த உயரத்திலிருந்து இப்படித் தெரிகிறது.

இராமேஸ்வரம் படங்களில் தீவுக்கு வடக்கே தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது, தெற்கே நீலமாக இருக்கிறது. வண்ணம் சேர்க்கிறார்களா?
— விசைப்படகு வைத்திருப்பவர், பாம்பன்

சேர்க்கவில்லை, கடலே அப்படித்தான். இதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வடக்கே பெண் கடல், தெற்கே ஆண் கடல் என்று உங்கள் பக்கம் சொல்வார்களே. வடக்கே உள்ள பாக் விரிகுடா ஆழமில்லாதது. வாடைக்காற்று கிளம்பியதும் அடிச்சேறு கலங்கி மேலே வந்துவிடும், மேலிருந்து பார்க்கையில் அது பால் நிறம். மன்னார் வளைகுடா சீக்கிரமே ஆழமாகிவிடுவதால் கலங்கலும் குறைவு, நீலமும் அதிகம். ஒரு பாலத்தின் அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு கடல் இருப்பதை ஒரே பார்வையில் காட்டும் இடம் நம் நாட்டில் இதைப் போல இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். தனுஷ்கோடி முனைக்கு அப்பால் தலைமன்னாரை நோக்கிப் போகும் மணல் தீடைகளை ஒரே ஒரு படத்தில் பார்த்தால் வெறும் திட்டுகள். ஜனவரிப் படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தீடையின் வால் திரும்பியிருக்கும். காற்று மாறினால் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், மாறும், நீவாடு மாறினால் மணல் இடம் மாறும். உங்கள் ஆட்கள் வருஷா வருஷம் தீடைகளைப் புதிதாகப் படிப்பது சும்மா இல்லை.

தீடை இப்படிப் பிறந்து மறைவதற்கு வங்காளத்தில் ஒரு சாட்சி உண்டு. 1970-இல் போலா புயல் அடித்த பிறகு, ஹரியாபங்கா ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு எழும்பியது. 1974-இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் படத்தில்தான் அதைக் கண்டார்கள். நியூ மூர் என்று இந்தியாவும் தெற்கு தல்பட்டி என்று வங்கதேசமும் பெயர் வைத்து, எங்களுடையது எங்களுடையது என்று பல வருஷம் வழக்காடின. 2010-இல் அது முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டதை ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தே சொன்னார்கள். பக்கத்தில் மன்னார் வளைகுடாவையே எடுங்கள். 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் மூழ்கிவிட்டன. பவளப் பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்த இரண்டு பெயரையும் எழுதும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

என் தாத்தா காலத்தில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே வலை காயப்போட இடம் இருந்ததாம். இப்போது கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடல் ஏன் எங்கள் பக்கம் மட்டும் ஏறுகிறது?
— வாசகர், வட சென்னை

நீங்கள் கடல் ஏறுகிறது என்கிறீர்கள். உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரியது, மணல் வராமல் போனது.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை, நடக்கும். தெற்கிலிருந்து அலை சாய்ந்து அடிக்கும் மாதங்களில் வடக்கே நடக்கும், வாடைக் காலத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கு போட்டால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த நடையின் குறுக்கே யார் கல்சுவர் கட்டினாலும் தெற்கே மணல் குவியும், வடக்கே மணல் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை தேய ஆரம்பித்தது. மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு அந்த நீண்ட மணலில் நடக்கும்போதெல்லாம், இதில் ஒரு பங்கு வடக்கே போய்ச் சேர வேண்டியது என்று எனக்குத் தோன்றும். புதுச்சேரியிலும் 1989-இல் துறைமுகச் சுவர்கள் வந்த பிறகு நகரத்தின் கடற்கரை மணல் போய், கருங்கல் மட்டும் மிஞ்சியது. அங்கே பிறகு கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு தடுப்பை இறக்கி, கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இதை அழகாகக் காட்டுவது லேண்ட்சாட் படங்கள். 1972 முதல் ஒன்றன் பின் ஒன்றாக அந்த வரிசைச் செயற்கைக்கோள்கள் ஒரே இடங்களைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்து வருகின்றன. 2008-லிருந்து அந்தப் படங்கள் எல்லோருக்கும் இலவசம். சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை வைத்து நாடு முழுக்கக் கரையை அளந்தது. இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது நாற்பது சதவீதத்துக்கும் மேல்.

கல் கொட்டுவதைப் பற்றியும் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெருவில் கொட்டிய கல் உங்கள் தெருவைக் காப்பாற்றலாம். ஆனால் உங்களுக்கு வடக்கே உள்ள குப்பத்துக்குப் போகிற மணலை அது மேலும் குறைக்கும். ஐந்து வருஷ இடைவெளியில் இரண்டு படங்களை வைத்தால், தேய்மானம் கல் முடியும் இடத்திலிருந்து தொடங்குவது பளிச்சென்று தெரியும். கல் கேட்டு மனு கொடுப்பவர்கள் அந்தப் பகுதிக் குப்பங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு மணல் கேட்டு மனு கொடுங்கள். தெற்கே குவிந்ததை எடுத்து வடக்கே போடுவது உலகத்தில் பல துறைமுகங்கள் செய்கிற வேலைதான்.

மேலிருந்து எல்லாம் தெரிகிறது என்று எழுதுகிறீர்கள். ஒக்கி புயல் வந்தபோது எங்கள் ஆட்கள் கடலில் இருந்தார்கள். அது ஏன் அவர்களுக்குத் தெரியவில்லை?
— வாசகி, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை கிராமம்

அம்மா, உங்கள் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். சுற்றி வளைக்காமல் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புயலின் பலத்தை மேகத்தின் வடிவத்தை வைத்துக் கணிக்க ஒரு முறை இருக்கிறது. 1970-களில் டுவோராக் என்ற அமெரிக்கர் வகுத்தது. மேகம் எவ்வளவு சுருண்டிருக்கிறது, கண் திறந்திருக்கிறதா, சுற்றிலும் எவ்வளவு குளிர்ச்சி என்று பார்த்து எண் போடுவோம். இரண்டரை வந்தால் புயல், மூன்றரை வந்தால் கடும் புயல். இந்தச் சுருள் விரிய வழக்கமாக நாள் பிடிக்கும், நாங்களும் அதைப் பின்தொடர முடியும். ஒக்கி அப்படி நேரம் கொடுக்கவில்லை. 2017 நவம்பர் 29 காலை அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 30-ஆம் தேதி காலை கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே புயல். முதல் நாள் படங்களில் கண்டது மழை மேகக் கூட்டம் போன்ற ஒன்று. கரைக்கு இவ்வளவு பக்கத்தில், ஒரே நாளில், அது அப்படி மாறியது.

உங்கள் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், வாரக் கணக்கில் திரும்பாதவர்கள். கரையிலிருந்து எச்சரிக்கை கிளம்பியபோது அவர்கள் போன் சிக்னலுக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள். மேலே இருக்கும் கருவிக்குத் தெரிவதும் படகில் இருப்பவருக்குத் தெரிவதும் ஒன்று இல்லை. 2004 சுனாமியிலும் இதுதான் நடந்தது. நிலநடுக்கம் நடந்த சுமார் 2 மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டிப் போனது. திறந்த கடலில் அலை சுமார் 60 சென்டிமீட்டர் உயர்ந்திருந்ததை அது அளந்துவிட்டது. அந்த எண்ணைத் தரையில் இறக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒக்கிக்குப் பிறகு, 2019-இல் ஜெமினி என்ற சிறு கருவியை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் கொண்டு வந்தன. ககன் என்ற நம் வழிகாட்டு அமைப்பின் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, படகில் இருக்கும் போனுக்கு அனுப்பும். சிக்னல் வேண்டாம். ஆனால் அதில் செய்தி வரும், திருப்பிச் சொல்ல முடியாது. இருபக்கமும் செய்தி போய் வருகிற டிரான்ஸ்பாண்டர் கருவிகள் இப்போது படகுகளில் பொருத்தப்படுகின்றன. உங்கள் ஊர்ப் படகில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா, ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் போட்டுப் பார்க்கிறார்களா என்று வீட்டில் உள்ள பெண்கள் நச்சரித்துக் கேளுங்கள். அந்த நச்சரிப்பு அவசியம்.

மழை மேகம் மூடியிருக்கும்போது வெள்ளம் எங்கே நிற்கிறது என்று எப்படிப் பார்க்கிறார்கள்?
— கிராம நிர்வாக அலுவலர், கடலூர் மாவட்டம்

ரேடார் பொருத்திய செயற்கைக்கோளால். தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கும். மேகம் அதைத் தடுக்காது. அசையாத தண்ணீர் அலையை வேறு பக்கம் தெறிக்கவிடும் என்பதால், படத்தில் வெள்ளம் கறுப்பாக இருக்கும். நம் ரிசாட், ஐரோப்பாவின் சென்டினல்-1 இரண்டும் இந்த வகை. காற்றில் தண்ணீர் சலசலத்தால் கறுப்பு கலைந்துவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க் கரையை நானே பார்க்க முடியுமா?
— கல்லூரி மாணவர், பரங்கிப்பேட்டை

முடியும், காசு வேண்டாம். இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது. மேகப் படங்களுக்கு மாஸ்டாக் என்ற அவர்களின் இன்னொரு தளம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களில் ஒரு புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு முறை புதுப் படம் வரும். பிச்சாவரம் அலையாத்திக் காடு உங்களுக்குப் பக்கம்தானே, அதிலேயே ஆரம்பியுங்கள். இரண்டு விஷயம் கவனம். வருஷம் மாறினாலும் மாதம் மாறக் கூடாது, பிப்ரவரியைப் பிப்ரவரியோடு வையுங்கள். படம் எடுத்த நேரத்தில் கடல் ஏற்றமா வற்றமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வற்றிய நேரத்துக் கரையைப் பார்த்துவிட்டு, கரை வளர்ந்துவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள்.

இத்தனை வருஷத்தில் உங்களுக்குப் பிடித்த படம் எது?
— வாசகி, திருச்சி

கோடியக்கரை. தெற்கே இறங்கி வரும் சோழமண்டலக் கரை அங்கே சட்டென்று மேற்கே மடங்கும். முழங்கையை மடக்கியது போல இருக்கும். அந்த மடிப்பின் உள்பக்கம் வேதாரண்யம் உப்பளங்கள். எங்கள் அப்பா அந்த உப்பளத்தில்தான் வேலை பார்த்தார். வானத்தைப் பார்த்து, மழை வருமா, உப்பை வாரிக் குவித்துவிடலாமா என்று முடிவு செய்வார். பள்ளிக்கூட நாட்களில் நான் அவர் பக்கத்தில் நின்று அதே மேகத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு கஜாவுக்கு முந்தைய படம் ஒன்றையும் பிந்தைய படம் ஒன்றையும் பெரிதாக அச்சடித்து, ஊருக்கு எடுத்துப் போனேன். முதல் படத்தில் பாத்திகள் வெள்ளை வெள்ளையாக இருந்தன. இரண்டாவதில் பழுப்பு. புயல் கடலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்த சேறு என்று தங்கச்சிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். விரல் நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டாள். "எல்லாம் சேறு இல்லக்கா. இங்க பாரு, இது வரப்பு ஒடஞ்ச எடம். தண்ணி இந்த வழியாத்தான் உள்ள வந்துச்சு. அப்பா பாத்தி இதுக்கு ரெண்டு பாத்தி தள்ளி." பென்சிலை வாங்கி அந்த இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். அந்தப் படம் இப்போது என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறது, வட்டத்தோடு.